புஷ்பத்தின் தோட்டத்தில் நான் போட்ட உப்பு

1

போன மாதக் கடைசியில் கடையில் ஒரு புடலங்காய் வாங்கி வந்து, கொல்லைப்புறத்துப் பந்தலில் காய்ந்து கிடந்த கொடியில் தையல் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் இந்த வேலை. ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, 'கனடாவில் இருக்கிறவனுக்கு என்ன குறைச்சல்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

தூத்துக்குடியை விட்டு வந்து இந்த ஆகஸ்டோடு முப்பத்தொரு வருஷம். கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன், டொரான்டோவுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து மனைவி மரியபுஷ்பமும் ஐந்து வயது மகன் ஜோவும் வந்தார்கள். ஜோ இப்போது ஐந்து மணி நேரக் கார்ப் பயணத்தில் வேறொரு ஊரில் இருக்கிறான். போன டிசம்பரில் நான் ஓய்வு பெற்றேன். ஏப்ரலில் புஷ்பம் ஊருக்குக் கிளம்பினாள். அவளுடைய தங்கைக்கு மூட்டு ஆபரேஷன், கூட இருந்து பார்க்க ஆள் இல்லை. 'ஆகஸ்ட் கடைசியில வந்துருவேன், தோட்டத்தப் பாத்துக்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் முப்பது அடிக்கு இருபது அடி மண். வருஷத்தில் ஏழு மாதம் அது இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கும். மே மாதக் கடைசியில்தான் நாற்றை வெளியே கொண்டுவந்து நட முடியும். அக்டோபர் வந்தால் கதை முடிந்தது. அந்த நான்கு மாதத்துக்குள் அவள் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், புடலை, பாகல், தண்டங்கீரை என்று ஒரு சந்தையையே அதிலிருந்து எடுத்துவிடுவாள். மீன் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டை வீணாக்க மாட்டாள், அவ்வளவும் செடிக்குத்தான். புடலம்பிஞ்சு சுருண்டுகொள்ளாமல் நேராக வளர, நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவாள். செடிகளோடு பேசுவாள். 'ஏளா, நீ மட்டும் ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்க?' என்று ஒரு கத்தரிச் செடியைப் பார்த்து அவள் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். நான் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நின்று சிரிப்பேன். வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றதில்லை.

2

மேயும் ஜூனில் முக்கால்வாசியும் நன்றாகவே போயின. அதுதான் வினை. நன்றாகப் போகாமல் இருந்திருந்தால் என் வாய் கொஞ்சம் அடங்கி இருந்திருக்கும்.

அவள் போவதற்கு முன்னாலேயே ஜன்னலோரத்தில் சின்னச் சின்னக் கப்புகளில் விதை போட்டு, நாற்றாக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். எதை எங்கே நட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். நான் தாளைப் பார்த்துச் செய்தேன். எந்திரத்தோடு வந்த கையேட்டைப் பார்த்து எந்திரத்தை ஓட்டுவதுபோல ஓட்டினேன். ஜூன் மூன்றாவது வாரத்தில் முதல் அறுவடை: ஒரு கூடை முள்ளங்கி, வெந்தயக்கீரை, இரண்டு கட்டு தண்டங்கீரை. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே காலை எட்டு மணி, அங்கே சாயங்காலம் ஐந்தரை. தினமும் அந்த நேரத்தில்தான் பேசுவோம்.

"ஏளா, பாத்தியா! நீ இல்லாமலே எப்படி வந்திருக்கு பாத்தியா! நீ செய்யுததுல பாதி வேல வேண்டாத வேலன்னு இப்பல்லா தெரியுது!"

அவள் சிரித்தாள். "நல்லாத்தான் பாத்துக்கிடுதிய" என்றாள். தங்கை கூப்பிடுகிறாள் என்று போனை வைத்துவிட்டாள். நான் அன்று முழுக்க விசில் அடித்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்குப் பின்னால் வந்தன பாருங்கள், இந்த நாட்டுப் பூச்சிகள். பச்சையும் செம்பும் கலந்து மினுங்குகிற ஒரு வண்டு, பார்க்க நகைக்கடையில் வைக்கலாம் போல இருக்கும். அது இலையின் நரம்பை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தின்கிறது, தின்றுகொண்டே குடும்பமும் நடத்துகிறது. பாகல் இலையில் மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட ஒன்று. அசுவினிப் பேன் தனி. அணில் என்று ஒரு சனியன் உண்டு, ஊர் அணிலைப் போல் மூன்று மடங்கு உடம்பு. ஒரு தக்காளியை முழுதாகத் தின்றுவிட்டுப் போனால் பசி என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு தக்காளியிலும் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று கீழே போட்டுவிட்டுப் போகும். எனக்கு அதைப் பார்த்தால் கிடங்கில் இருந்த ஒரு மேனேஜர் ஞாபகம்தான் வரும்.

எல்லாவற்றிலும் மோசம் நத்தை. ஓடு இல்லாத நத்தை, விரல் நீளம், அட்டைபோல வழவழவென்று. பகலில் கண்ணில் படாது. காலையில் போய்ப் பார்த்தால் கத்தரி இலை சல்லடையாகக் கிடக்கும், மண்ணில் எச்சில் கோடு மினுங்கும். அக்கம்பக்கத்தில் கேட்டால், ஒரு தட்டில் பீர் ஊற்றி வையுங்கள், குடிக்க வந்து அதில் விழுந்து சாகும் என்றார்கள். நத்தைக்கு பீர் வாங்கி ஊற்றுகிற நாட்டில் வந்து குடியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். வாங்கியும் ஊற்றினேன். இரண்டு நத்தைகள் செத்தன. மிச்சம் வழக்கம்போல் கத்தரியைத் தின்றன.

3

இந்த நேரம் பார்த்து நகராட்சியிலிருந்து ஒரு கடிதம். இங்கே அரசாங்கக் கடிதம் என்றால், முதல் பாரா நமக்கு நன்றி சொல்லும், இரண்டாவது பாரா நம் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் வீட்டுக் கொல்லையில் உள்ள 'கட்டுமானம்' வேலிக்கு மிக அருகில் இருக்கிறதாம், அனுமதித்ததைவிட உயரமாம். ஒன்று பிரித்துவிட வேண்டும், அல்லது வரைபடத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். மூங்கில் குச்சி எட்டு, நைலான் கயிறு, மேலே ஒரு பழைய மீன்வலை. இதுதான் அவர்கள் சொல்கிற கட்டுமானம்.

போன் செய்தேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, ஏழை அழுத்து என்று எந்திரம் என்னை அரை மணி நேரம் அழுத்த வைத்தது. புல்லாங்குழல் வாசித்துக் காட்டியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். தேன் மாதிரிக் குரல்.

"அது கட்டடமா, ஐயா?"

"கட்டடம் இல்லை அம்மா, பந்தல். கொடி படர."

"அதில் என்ன வளர்க்கிறீர்கள்?"

எனக்கிருந்த எரிச்சலில் தோட்டத்தில் உள்ளதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தேன். வெண்டைக்காய் வந்தபோது, முப்பத்தொரு வருஷம் இங்கே இருந்தும், வாயில் ஊர் இங்கிலீஷ்தான் வந்தது. இங்கே அதற்கு 'ஓக்ரா' என்று பெயர், நான் 'லேடீஸ் ஃபிங்கர்' என்றேன். பிறகு அவள் மிக மெதுவாக, "ஐயா, அதை எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?" என்றாள். நான் ஃபிங்கருக்கு எழுத்துக் கூட்டினேன். கோபத்தில் அதையும் தப்பாகக் கூட்டினேன்.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அவளிடம் ஆத்திரப்பட முடியவில்லை என்பதுதான். ஊரில் என்றால் ஆபீஸில் ஒரு மனுஷன் இருப்பார். 'அண்ணாச்சி, நம்ம மனு என்னாச்சி?' என்று போய் நிற்கலாம். அவர் எரிந்து விழுவார், நாமும் எரிந்து விழலாம். வெளியே வந்து ஒரு டீ குடித்தால் ஆறிப்போகும். இங்கே அவள் 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றாள். வரைபடம் அனுப்ப வேண்டும் என்ற இடத்திலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை.

யார் புகார் கொடுத்திருப்பார்கள்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுவேல்தான். எங்கள் பாகற்கொடி அவருடைய பக்கம் எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

மனுவேல் போர்த்துக்கல்காரர், எழுபத்தைந்து வயது, தனிக்கட்டை. எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு நானூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் வம்சம் என்று புஷ்பத்திடம் கேலி பேசுவேன். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாவற்றுக்கும் அவர் சொல்கிற சொல்லும் நாங்கள் சொல்கிற சொல்லும் ஏறக்குறைய ஒன்றுதான். புஷ்பம் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் இவளும் நின்று, பொருளைக் கையால் காட்டிக் காட்டிப் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அவருக்கும் வராது. அப்படியும் அரை மணி நேரம் பேசுவார்கள். அதை நினைத்தபோது கோபம் இன்னும் ஏறியது. கூடச் சிரித்துப் பேசிவிட்டு, அவள் ஊருக்குப் போன நேரம் பார்த்துக் கடுதாசி போடுகிறார் பார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

4

இனி உப்புக்கு வருகிறேன்.

என் அப்பா உப்பளத்தில் கங்காணி. பத்து வயதில் உப்பு அம்பாரத்தின்மேல் ஏறிச் சறுக்கி விளையாடியவன் நான். கப்பலுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வருஷம் உப்பு கிட்டங்கியில் மூட்டைக்கு எடை போட்டிருக்கிறேன். ஊரில் ஐப்பசி மழைக்குக் குளிக்கிற இடத்தில் நத்தை ஏறினால் அம்மா என்ன செய்வாள்? ஒரு கை கல்லுப்பை அள்ளி வீசுவாள், நத்தை நுரைத்துச் சாகும். எங்கள் வீட்டில் தென்னங்கன்று நட்டபோது அப்பா என்ன செய்தார்? குழிக்குள் உப்பைக் கொட்டி, அதன்மேல் கன்றை வைத்தார். அந்த மரம் காய்த்த காய்ப்பைத் தெருவே பார்த்தது. ஆக உப்பு நத்தைக்கு விஷம், செடிக்கு உரம். இரண்டையும் கண்ணால் பார்த்தவன் நான். இதற்கு மேல் யாரைக் கேட்க வேண்டும்?

கார் நிறுத்துகிற கொட்டகையில் அரை மூட்டை உப்பு கிடந்தது. பனிக்காலத்தில் வாசல் பாதையில் உறைந்த பனி உருகுவதற்காக எல்லா வீட்டிலும் வாங்கி வைப்பது. ஜூலை முதல் வாரம், சூரியன் சாயும் முன் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு செடிக்கும் தூரைச் சுற்றி வட்டமாகத் தூவினேன். காலையில் பார்த்தால் நத்தைகள் அங்கங்கே சுருண்டு செத்துக் கிடந்தன. அந்த வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மறுநாளும் போட்டேன். மழை பெய்து கரைந்தால் திரும்பப் போட்டேன். ஒரு வாரம், ஒரு நாள் விடவில்லை.

இரண்டாவது வாரம் கத்தரி இலையின் ஓரம் கருகியது. வெயில் என்று நினைத்துத் தண்ணீரை இரண்டு மடங்காக ஊற்றினேன். உப்பைக் கரைத்து நானே வேருக்கு ஊட்டினேன் என்று இப்போது தெரிகிறது. வெண்டை தலை தொங்கியது. மிளகாய் பூவை உதிர்த்தது. புடலை பந்தலில் முக்கால் வாசி ஏறியிருந்தது, நான்கு பிஞ்சு விட்டிருந்தது. அது அடியிலிருந்து மஞ்சளாகி மேலே மேலே போய், ஒரு வாரத்தில் பந்தல் முழுக்கச் சருகாய்ச் சலசலத்தது.

உப்பள வரப்பில் உமரியைத் தவிர வேறு ஒரு பச்சை முளைத்து நான் பார்த்ததில்லை. அதுவும் பிறந்ததிலிருந்து கண்ணால் கண்டதுதான். அது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. வேறு எந்த ஊர்க்காரன் செய்திருந்தாலும் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடலாம். நான் தூத்துக்குடிக்காரன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

5

மனுவேல் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். குனிந்து மண்ணைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகப் பரல் கிடந்தது.

"என்ன போட்டாய்?" என்று அவருடைய இங்கிலீஷில் கேட்டார்.

"உப்பு."

"உப்பா? செடிக்கா?"

அவ்வளவுதான், எனக்குப் பொங்கிவிட்டது. "நான் உப்பு விளைகிற ஊரிலிருந்து வந்தவன். எனக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். முதலில் நீங்கள் நகராட்சிக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்துங்கள்" என்று கத்தினேன். தெருவில் நாயை நடத்திக்கொண்டு போன ஒரு அம்மாள் நின்று பார்த்தாள்.

மனுவேல் உள்ளே போனார். சண்டையைத் தொடர ஆள் கூட்டி வரப் போகிறார் என்று நினைத்து நான் தயாராக நின்றேன். ஒரு தாளோடு திரும்பி வந்து வேலிக்கு மேலால் நீட்டினார். அவருடைய திராட்சைப் பந்தலுக்கும் அதே கடிதம். அதே நன்றி, அதே கழுத்துப்பிடி. தெருவில் ஏழு வீட்டுக்கு வந்திருக்கிறதாம். யாரும் புகார் கொடுக்கவில்லை, ஒரு ஆள் வந்து வரிசையாக அளந்துவிட்டுப் போயிருக்கிறான்.

நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மன்னிப்பு கேட்கவில்லை. அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. மேல்மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி அள்ளிப் போடு, அடியில் இருப்பதற்கு நாள் கணக்கில் தண்ணீர் விடு, இந்த வருஷம் அவ்வளவுதான் என்றார். பிறகு, "மரியா எப்போது வருகிறாள்?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட் கடைசியில்."

"இது அவளுக்குத் தெரியுமா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

6

ஏன் அவளிடம் சொல்லவில்லை? பயம்தான். வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது.

இருபத்தெட்டு வருஷம் அவள் இந்த ஊரில் இருந்திருக்கிறாள். நான் வேலைக்குப் போனேன், ஜோ பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவன் எட்டு வயதில் தமிழில் பதில் சொல்வதை நிறுத்தினான், பதினைந்தில் பதில் சொல்வதையே நிறுத்தினான். அவளுக்கென்று இந்த நாட்டில் இருந்தது அந்த மண் ஒன்றுதான். ஊரிலோ தங்கை, தங்கை பிள்ளைகள், கோவில், கடல், மீன், பேசுவதற்கு ஆயிரம் பேர். தோட்டமும் செத்துவிட்டது என்று தெரிந்தால் அவள் எதற்காகத் திரும்பி வருவாள்? எனக்காகவா? ராத்திரிச் சாப்பாட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டே 'உப்பு கம்மி' என்று சொல்கிற இந்த ஆளுக்காகவா?

அதனால் பொய். முதலில் உப்புப் படாத மூலையை மட்டும் காட்டினேன், அங்கே கொஞ்சம் கீரையும் இரண்டு தக்காளிச் செடியும் தப்பியிருந்தன. பிறகு 'வெளிச்சம் சரியில்ல', 'மழை பெய்யுது', 'போன்ல சார்ஜ் இல்ல'. பழைய படங்களை அனுப்பினேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். வெண்டை எவ்வளவு உயரம், பாகல் பூத்துட்டா, வண்ட கையால பொறுக்கிப் போடுதியளா என்று கேட்பாள். நான் மளமளவென்று பதில் சொல்வேன். இவ்வளவு பேச்சு எங்களுக்குள் கல்யாணமான புதிதில்கூட நடந்ததில்லை. அவ்வளவும் செத்துப்போன செடியைப் பற்றி.

ஜூலை மூன்றாவது வாரம் ஜோ வந்தான். சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சனிக்கிழமை. கொல்லையில் நின்று சருகைப் பார்த்தான். இவனுக்குப் புடலைக்கும் பீர்க்குக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாம் 'அந்தப் பச்சைக் காய்'தான்.

"கடைல வாங்கலாமே அப்பா, எதுக்கு டென்ஷன்?" என்று அபூர்வமாகத் தமிழில் சொன்னான்.

"ஏல, ஒங்கம்மா கையால போட்டது. அது கடைல கிடைக்குமால?"

அவன் குனிந்து ஒரு சருகைப் பொறுக்கிக் கையில் நொறுக்கினான். "அப்பா, அம்மாகிட்ட பேசுங்க. ப்ராப்பரா பேசுங்க" என்றான். நான் உப்பைப் பற்றிச் சொல்லச் சொல்கிறான் என்று நினைத்தேன். நீ ஒன் வேலயப் பாரு என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போய்விட்டான். கிளம்பும்போது என்னைக் கட்டிப்பிடித்தான், அது அவன் வழக்கம் இல்லை.

மாதக் கடைசியில் ஊரில் மாதா கோவில் கொடியேற்றம். அன்று புஷ்பம் கட்டாயம் கூப்பிடுவாள், புடலையைக் காட்டச் சொல்லுவாள் என்று தெரியும். முதல் நாள் தமிழ்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அண்ணாச்சி, நல்ல நீளமா ஒரு பொடலங்கா வேணும். ரொம்பப் பளபளன்னு இருக்கக் கூடாது."

"என்ன அண்ணை, எல்லாரும் நல்லதாத் தாங்கோ எண்டுதான் கேக்கினம். நீங்கள் வடிவில்லாததைக் கேக்கிறியள்" என்று அவர் சிரித்தார்.

அவர் சிரித்ததற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்கிக்கொண்டு வந்து, சருகையெல்லாம் உருவிப் போட்டு, தப்பிய இரண்டு தக்காளிக் கிளையைப் பின்னால் மறைப்பாகச் சாத்தி, பச்சை நூல் தேடி எடுத்துக் கட்டினேன்.

7

காலை எட்டரைக்கு அழைப்பு வந்தது. அவளுக்குப் பின்னால் விளக்குத் தோரணம், பேண்டு சத்தம், பலூன்காரன். புதுச் சேலை கட்டியிருந்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் கறுத்து, நன்றாக இருந்தாள்.

"எங்க, பொடலையக் காட்டுங்க."

பந்தலின் ஒரு மூலையை மட்டும் காட்டி, போனைச் சட்டென்று விலக்கினேன்.

"நில்லுங்க. இன்னொருவாட்டி காட்டுங்க." காட்டினேன். "கல்லக் காணோமே? கல்லு கட்டாம இவ்வளவு நேரா எப்படி வந்துச்சி?"

"அது தானா வந்துட்டு."

அப்போது பார்த்துக் காற்று அடித்தது. காய் மெல்லத் திரும்பியது. கொடியில் விளைந்த காய் அப்படிச் சுற்றாது. அவள் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நூலு தெரியுது" என்றாள்.

நான் வெடித்தேன். நத்தையில் ஆரம்பித்தேன். வண்டு, அணில், மழை, நகராட்சி, புல்லாங்குழல், லேடீஸ் ஃபிங்கர், மனுவேல், உப்பு, எல்லாவற்றையும் கத்திக் கொட்டினேன். நீ போனதால்தான் இவ்வளவும் என்று அவள் தலையிலும் கொஞ்சம் போட்டேன். அவள் கூட்டத்திலிருந்து விலகி ஒரு சுவரோரமாகப் போய் நின்றாள்.

"முடிச்சிட்டியளா?"

"ம்."

"தோட்டம் போனா போவுது. நான் டிக்கெட்ட ஜூன் மாசமே கேன்சல் பண்ணியாச்சி."

எனக்குப் புரியவில்லை. ஜூனில் தோட்டம் பச்சைப் பசேல் என்று நின்றது. ஜூனில் நான் உப்பு மூட்டையைத் தொடக்கூட இல்லை.

"நீங்க அந்த முள்ளங்கியக் காட்டுன மறுநாளு. ஜோகிட்ட சொன்னேன், அவன்தான் பண்ணித் தந்தான்."

"ஏன்?"

"நான் இல்லாமலே எல்லாம் நல்லா நடக்குன்னு நீங்கதான சொன்னிய." அவள் கத்தவில்லை, ஆனால் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று எனக்குத் தெரியும், கல்யாணமானதிலிருந்து இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "தெனமும் பேசுதிய. வெண்டைய பேசுதிய, நத்தைய பேசுதிய. எப்ப வாரன்னு ஒரு வார்த்த கேட்டியளா? மனுவேலு வாரா வாரம் மெசேஜ் போட்டுக் கேக்காரு. நீங்க கேக்கல. செடி செத்துட்டா நான் வர மாட்டேன்னு நெனச்சி நூலு கட்டுனியளாக்கும்? செடிக்காகவா நான் அந்தக் குளிருக்குள்ள கெடந்தேன்? பேச ஆளில்லாமத்தான செடிகிட்ட பேசுனேன். நீங்க ஜன்னலுக்குள்ள நின்னு சிரிச்சத நான் பாக்கலன்னா நெனச்சிய?"

வழக்கம்போல் கத்தினேன்.

"என்னளா பேசுத? வான்னு தனியாச் சொல்லணுமா? சரி, சொல்லுதேன். வா! எனக்கு இங்கன ஒண்ணுமே நல்லா இல்ல. தொண்டைல சோறு எறங்கல. வீட்டுல ஒரு சத்தம் இல்ல. கோட்டி பிடிச்சிரும் போல இருக்கு. வாளா!"

பக்கத்துக் கொல்லையில் மனுவேல் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக உள்ளே போய்விட்டார்.

புஷ்பம் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அங்கே பேண்டு ஒரு பாட்டை முடித்து அடுத்த பாட்டுக்குப் போனது.

"ஏங்க" என்றாள். "நீங்க இங்கன வரலாம்லா?"

நான் வாயைத் திறந்தேன். பென்ஷன் காகிதம், டாக்டர் தேதி, பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிப் போட்டால் குழாய் வெடிக்கும், ஜோ இருக்கிறான். எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. முப்பத்தொரு வருஷமாக ஊரில் எல்லோரும் என்னிடம் 'அடுத்தது எப்ப வாரிய?' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். லீவுக்கு வருகிறவனிடம் கேட்கிற கேள்வி அது. வந்துவிடு என்று ஒருவரும் கேட்டதில்லை. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நானும் பெரும்பாலும் பத்து நாளில் கிளம்பிவிடுவேன். இவளிடம் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

வழக்கமாக நான் பேசாமல் இருந்தால் அவள் 'சரி, வைக்கேன்' என்று வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை.

"யோசிச்சே சொல்லுங்க" என்றாள். "நான் இங்கனதான் நிக்கேன்."